கொம்பன் செத்ததா?

மார்ச் 4, செவ்வாய்

பேச்சித்தாய் அக்காவைக் கம்பெனிதான் சாய்த்தது. வலிப்பு இல்லை, வெயில் இல்லை, குலசாமி குற்றமும் இல்லை. ஒரு வண்டு செத்ததா என்று பார்க்க, கேஸ் அடித்த ஷெட்டுக்குள் அவளை அனுப்பினார்கள். இப்போது பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

ஒழுங்காக எழுதிவிடுகிறேன். நாளைக்கு இவர்கள் வேறு கதை சொல்வார்கள்.

எங்கள் யார்டு துறைமுகச் சாலையில் இருக்கிறது. வெளிநாட்டு பைன் தடிகள் கப்பலில் வந்து இறங்கும். ஆண்கள் அவற்றை அறுத்துப் பெட்டி அடிப்பார்கள். பெரிய கம்பெனிகள் அந்தப் பெட்டிகளில் இயந்திரங்களை வைத்துக் கப்பலேற்றும். பெண்கள் பட்டை உரிப்போம், துளை பார்ப்போம். துளை பார்ப்பது என்றால் கொம்பனைத் தேடுவது.

கொம்பன் என்பது நாங்கள் வைத்த பெயர். கறுப்பு வண்டு. உடம்பு விரல்கணு அளவுதான், தலையில் இருக்கும் இரண்டு கொம்புகள் உடம்பைவிட நீளம். குளிர் தேசத்துப் பைன் காட்டில் பிறக்கிற சாதி. அதன் புழு மரத்துக்குள்ளேயே கிடந்து மரத்தைத் தின்னும். தடியில் காதை வைத்தால் கறக் கறக் என்று கேட்கும், பக்கத்து வீட்டில் யாரோ முறுக்குக் கடிப்பதுபோல. வளர்ந்ததும் பென்சில் நுழைகிற வட்டமான ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். அப்படி ஒன்று போன வாரம், சரக்கைச் சோதிக்க வந்த அதிகாரியின் கண்ணெதிரே பெட்டியிலிருந்து வெளியே வந்து அவர் சட்டைக் கையில் ஏறியது. அவர் குதித்த குதியை ஆணி அடிக்கிற ஆட்கள் இன்னும் நடித்துக் காட்டுகிறார்கள். நாங்களும் சிரித்தோம்.

உயிருள்ள பூச்சியோடு மரம் எந்த நாட்டுக்கும் போகக்கூடாது. சரக்கு முழுவதையும் நிறுத்திவிட்டார்கள். ஷெட்டில் பெட்டிகளையும் தடிகளையும் அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடி, ஓரமெல்லாம் மணல் மூட்டை வைத்து, குழாய் வழியாகக் கேஸ் விட்டார்கள். பூச்சி சாகும்வரை மூடியிருக்க வேண்டும். திறந்த பிறகு நன்றாகக் காற்றாட விட வேண்டும். முதலாவதைச் செய்தார்கள். இரண்டாவதற்கு நேரமில்லை என்றார்கள், கப்பல் காத்திருக்கிறதாம்.

கேஸ் போய்விட்டதா என்று காட்ட ஒரு மீட்டர் இருக்கிறது. அது ஆபீசில் கண்ணாடி அலமாரிக்குள், கம்பெனி வாங்கிய பரிசுக் கோப்பைகளுக்கு நடுவில் இருக்கிறது. எங்களுக்கு மீட்டர் பேச்சித்தாய் அக்கா. அவளுக்குக் கண் சீக்கிரம் கலங்கும். தார்ப்பாயை இழுத்ததும் அவள் மட்டும் உள்ளே போவாள். எரிந்தால் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு ஓடி வந்துவிடுவாள். எரியாவிட்டால் உள்ளேயிருந்து, "வாங்கட்டீ" என்று குரல் கொடுப்பாள். இதற்குக் கண் பார்ப்பது என்று பெயர். யாரும் சொல்லித்தரவில்லை, பலமுறை எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடி வந்த பிறகு நாங்களே ஏற்படுத்திக்கொண்டது. அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஆபீஸ் மீட்டருக்கு பேட்டரி போட வேண்டும், தனக்கு ஒரு டீ போதும் என்பாள்.

நேற்றும் கண் பார்த்தாள். எரியவில்லை. கூப்பிட்டாள், போனோம். எங்கள் யாருக்கும் எரியவில்லை. அடுக்குகளுக்கு நடுவே இருந்த இடுக்கில் தரையோடு தரையாக உட்கார்ந்து, ஓட்டைக்குள் கம்பிக் கொக்கி விட்டுப் புழுவை இழுத்து, மேனேஜருக்குக் காட்டத் தாளில் வரிசையாக வைத்தாள். செத்தது ஒரு பக்கம், நெளிவது ஒரு பக்கம். மதியம் தலைவலி என்றாள். சாயங்காலம் நடை கோணியது.

"ஏளா, எனக்கு ரெண்டு சுகிர்தா தெரியுதுட்டி. ஒண்ணையே தாங்க முடியல" என்றாள் என்னைப் பார்த்து.

நான் சிரித்தேன். வீட்டுக்குப் போய் உலை வைக்கும்போது வலிப்பு வந்து விழுந்திருக்கிறாள். ஒன்று நின்றால் அடுத்தது.

அந்த இடுக்கில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான். எனக்கு ஒன்றுமில்லை. எழுதும்போது கை நடுங்குகிறது. அது கோபம்.

மார்ச் 5, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்காவின் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், பெயர் ஐகோர்ட்துரை. வார்டு வாசலில் போலீஸ்காரர் அவரை நிற்க வைத்து விசாரித்துக்கொண்டிருந்தார். பெயரைக் கேட்டதும் போலீஸ்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐகோர்ட்டே ஸ்டேஷனுக்கு வர வேண்டியிருக்கிறதே என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, பொண்டாட்டியை அடித்தாயா, அவள் விஷம் ஏதும் குடித்தாளா என்று கேட்டார். அண்ணன் அழுதார். அழுதால் அதுவும் சந்தேகம்.

வீட்டுப் பிரச்சினை என்று போலீசுக்குச் சொன்னது யார் என்று பார்த்தால், எங்கள் மேனேஜர் தயாளன். பழக்கூடையோடு வந்து நிற்கிறார்.

நான் போய், கேஸ் அடித்த ஷெட்டில் நாள் முழுக்க வேலை செய்தாள் என்று சொன்னேன். போலீஸ்காரர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, கண் எரிந்ததா என்பது. இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும், யார்டு கேஸ் என்றால் கண் எரியும். பக்கத்துக் காலனிக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் புகார் கொடுத்த விஷயம் அது.

எரியவில்லை என்றேன். அதுதான் உண்மை.

மேனேஜர் தலையை ஆட்டினார். "பாருங்க சார், கூட வேலை பார்த்த பொண்ணே சொல்றாங்க. கேஸ் இருந்தா இவங்க நின்னிருக்கவே முடியாது."

கூடையை அண்ணன் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஆப்பிளை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? அக்காவுக்கு வாயில் குழாய்.

மார்ச் 6, வியாழன்

கொம்பன் விஷயமாக டெல்லிக்கு மெயில் போயிருக்கிறதாம். ஐகோர்ட்துரை அண்ணன் போன் செய்தால் ஆபீசில் எடுப்பதில்லை.

மார்ச் 7, வெள்ளி

கப்பல் எங்கள் சரக்கு இல்லாமல் போய்விட்டது. மேனேஜர் எல்லோர்மேலும் எரிந்து விழுகிறார். நெளிகிற புழுக்கள் இன்னும் கிடைக்கின்றன. கேஸ் நடுமரம்வரை போய்ச் சேரவில்லை. மனுஷியின் நடுமண்டைவரை போய்ச் சேர்ந்திருக்கிறது.

காலையில் டம்ளர் கை நழுவி விழுந்தது. நேற்றும் ஒன்று விழுந்தது. அம்மாவிடம், டம்ளரில் எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை, பாத்திரத்தை ஒழுங்காகக் கழுவு என்று கத்தினேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, நாக்கில் புண்ணா, ஏன் இழுத்து இழுத்துப் பேசுகிறாய் என்று கேட்டாள். தூக்கமில்லை என்றேன். உண்மையில் இந்த மூன்று நாளும் சாப்பிட்டதும் தூங்கிவிடுகிறேன். அவளுக்கு எதையாவது சொல்லி வாயை அடைக்க வேண்டியிருக்கிறது.

காலில் எறும்பு ஊர்வதுபோல இருக்கிறது. செருப்பு மாற்ற வேண்டும்.

மார்ச் 8, சனி

மகளிர் தினம். எல்லாப் பெண்களுக்கும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்தார்கள். மேலே கம்பெனி பெயர், உள்ளே இரண்டு லட்டு. பேச்சித்தாய் அக்காவின் டப்பாவை யார் வாங்கிக்கொள்வது என்று மேனேஜரே கேட்டார். மரியசெல்வி வாங்கிக்கொண்டாள், கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லி. என்னைவிடச் சின்னவள், இந்த வருஷம் சேர்ந்தவள், எதற்கும் எதிர்த்துப் பேச மாட்டாள்.

மேனேஜர் பேசினார். இந்தக் கம்பெனி பெண்கள் சொன்னதைக் கேட்கும் கம்பெனி என்றார். உதாரணத்துக்கு என்னைக் கைகாட்டினார். எனக்கு அவர் மூஞ்சியில் லட்டை எறிய வேண்டும்போல இருந்தது. ஆனால் அவர் சொன்னது நடந்ததுதான்.

போன கார்த்திகையில் நான் ஒரு மனு எழுதினேன். கேஸ் அடித்த பிறகு கண் எரிகிறது, மூக்கில் தண்ணீர் வடிகிறது, எங்களுக்கு நல்ல முகமூடியும் கண்ணாடியும் வேண்டும் என்று. எல்லோரையும் கையெழுத்துப் போட வைத்தேன். பயந்தவர்களைத் திட்டிப் போட வைத்தேன். பேச்சித்தாய் அக்காதான் முதல் கையெழுத்து. பத்து நாள் வாயைத் திறக்காத ஆபீஸ், ஒரு நாள் கூப்பிட்டு, உங்கள் குறை தீர்க்கப்பட்டது என்றது. முகமூடி வரவில்லை. ஆனால் தை பிறந்ததிலிருந்து கண் எரிச்சல் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அக்கா ஒருமுறைகூட ஷெட்டிலிருந்து ஓடி வந்ததில்லை. கேஸ் அடிக்கிற முறையை மாற்றிவிட்டார்கள், காற்றாடி வைத்து வெளியே தள்ளுகிறார்கள் என்று நாங்களே பேசிக்கொண்டோம். என்னைத் தலைவி என்று கூப்பிட்டார்கள். எனக்குப் பிடித்திருந்தது.

அதனால்தான் சொல்கிறேன், இவர்களைப் பணிய வைக்க முடியும். ஒருமுறை செய்திருக்கிறோம்.

மார்ச் 10, திங்கள்

கொம்பனைப் பார்க்க ஆள் வந்துவிட்டது. ஒரு காரில் அதிகாரிகள், இன்னொரு காரில் பூச்சிப் பேராசிரியர் ஒருவர். வேதநாயகம் என்று பெயர். ஷெட் வாசலில் பந்தல், நாற்காலி, இளநீர். பேச்சித்தாய் அக்கா விழுந்து ஒரு வாரம் ஆகிறது. அவளைப் பார்க்கக் கம்பெனியிலிருந்து வந்தது அந்தப் பழக்கூடை மட்டும்தான்.

பேராசிரியருக்குத் துளை காட்ட என்னைப் போட்டார்கள். கெட்ட மனிதர் இல்லை. அது இன்னும் எரிச்சல். ஒரு புழுவை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஊரிலிருந்து வந்த மருமகனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அந்தக் காடுகளில் தீப்பிடித்தோ காற்றில் சாய்ந்தோ பைன் மரம் சாகக் கிடந்தால் அந்த வாசனை கொம்பனுக்குத் தெரிந்துவிடுமாம். பெண் வண்டு பட்டையைக் கடித்துப் பள்ளம் செய்து முட்டை வைக்குமாம். புழு பனிக்காலமெல்லாம் உள்ளேயே கிடக்குமாம். செத்த மரத்தை மண்ணாக்குவதே இதன் வேலை, அந்தக் காட்டில் இது தேவையான பூச்சி, பாவம், நாம்தான் தடியோடு சேர்த்து இங்கே கடத்திக்கொண்டு வந்துவிட்டோம் என்றார்.

பாவம் என்ற சொல் எனக்குப் பொறுக்கவில்லை. இந்தப் பாவப்பட்ட பூச்சி செத்ததா என்று பார்க்கப் போனவள் எப்படிக் கிடக்கிறாள் தெரியுமா என்று எல்லாவற்றையும் சொன்னேன். கண் எரியவில்லை என்பதையும் சொன்னேன், அதுதானே எங்களுக்கு எதிராக நிற்கிறது. கண் எரியாமல் கேஸ் இருக்குமா என்று கேட்டேன்.

அவர் புழுவைச் சீசாவுக்குள் போட்டு மூடினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்த கேஸுக்குன்னு வாசனையும் கிடையாது, எரிச்சலும் கிடையாதும்மா. ஆளுங்க தெரிஞ்சு ஓடணும்னு கண்ணீர் வரவைக்கிற மருந்து ஒண்ண அதுல கலப்பாங்க. கலக்காமலும் வாங்கலாம். கலக்காததுன்னா, நீங்க அதுக்குள்ளயே உக்காந்திருந்தாலும் தெரியாது."

எழுதிக் கொடுங்கள் என்றேன். உங்கள் அறிக்கையில் இந்த ஒரு வரியைச் சேருங்கள். அவர் பந்தலைத் திரும்பிப் பார்த்தார். தன்னைப் பூச்சிக்காக மட்டுமே கூப்பிட்டிருக்கிறார்கள் என்றார். குரல் இறங்கிவிட்டது. பிறகு என் கையைப் பார்த்து, இந்த நடுக்கம் எப்போதிலிருந்து என்று கேட்டார்.

நீங்கள் பூச்சியை மட்டும் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

பேனா சரியில்லை. ஒரு கோடு போட்டால் இரண்டாகத் தெரிகிறது.

மார்ச் 12, புதன்

கேஸ் அடிக்கிற லூர்து அண்ணாச்சியை டீக்கடையில் பிடித்தேன். லைசென்ஸ் வேறொருவர் பெயரில், வேலை இவர். சிலிண்டர் கொண்டுவருவது, குழாய் போடுவது, மூடுவது எல்லாம் இவர் கை. எங்களோடு சிரித்துப் பேசுகிற மனிதர். பேச்சித்தாய் அக்காவை மதினி என்பார்.

கேட்டதும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தெரியவில்லை.

"நீங்கதானம்மா எழுதிக் குடுத்திய, கண்ணு எரியுதுன்னு. காலனிக்காரனும் எழுதிக் குடுத்தான். எரியாதது இருக்கா, அதை வாங்குன்னு ஆபீசுல சொன்னாவ. இருந்துச்சு, வாங்குனேன். அதுக்கப்பொறம் ஒரு புகாரு வந்துச்சா?"

ஆபீசில் யார் சொன்னது என்று கேட்டேன். ஆபீஸ் என்றால் ஆபீஸ்தான் என்றார். நாங்கள் கண்ணை வைத்துத்தான் உள்ளே போகிறோம் என்று உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். தெரியும், ஆனால் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் திறந்துவிடுகிறார்கள் என்று நினைத்திருந்தாராம். மீட்டர் இருக்கிற இடம் எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

என் கையிலிருந்த கிளாசை எறிந்தேன். கடைச் சுவரில் பட்டு உடைந்தது. கடைக்காரர் திட்டினார். லூர்து அண்ணாச்சி திட்டவில்லை. நீ முன்னே இப்படி இல்லையே பிள்ளே, உனக்கு என்ன ஆச்சு என்றார். எல்லோரும் இதையே கேட்கிறார்கள். கோபப்பட்டால் உடம்புக்கு என்ன ஆச்சு என்று கேட்கிறார்கள். கோபம் வராமல் இருப்பவர்களுக்குத்தான் ஏதோ ஆகியிருக்கிறது.

நாங்கள் முகமூடி கேட்டோம். கண்ணாடி கேட்டோம். அவர்கள் கண்ணீரை எடுத்துவிட்டார்கள்.

மார்ச் 13, செவ்வாய்

இல்லை, வியாழன்.

ஆஸ்பத்திரிக்குப் போகப் பஸ் ஏறி, இறங்க வேண்டிய இடம் மறந்து மணிநகர்வரை போய்விட்டேன். பிறந்ததிலிருந்து இருக்கிற ஊர். வெயில்.

டியூட்டி டாக்டர் ஒரு இளம்பெண். பேராசிரியர் சொன்னதையும் லூர்து சொன்னதையும் சொன்னேன். இவள்தான் முதன்முதலாக உட்கார வைத்துக் கேட்டாள். அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா என்றாள். அன்றைக்கு எங்களுக்கே தெரியாது. இரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பினாள், இத்தனை நாளுக்குப் பிறகு அதில் எவ்வளவு தெரியும் என்று சொல்ல முடியாது என்றாள். கம்பெனிக்கு அவளே போன் செய்து, என்ன கேஸ், எப்போது விட்டீர்கள், எப்போது திறந்தீர்கள் என்று கேட்டாள். லைன் வெட்டிப் போயிற்று. மறுபடி அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அக்காவின் வாயிலிருந்து குழாயை எடுத்துவிட்டார்கள். கண்ணைத் திறந்தாள். ஐகோர்ட்துரை அண்ணன் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்து வாயை அசைத்தாள். குனிந்து கேட்டேன். நாக்கு தடித்துப்போய், ஒவ்வொரு எழுத்தாக வந்தது.

"செத்துச்சா?"

செத்துடுச்சுக்கா, எல்லாம் செத்துடுச்சு என்றேன். அவள் பிழைத்தாலும் பழையபடி நடப்பாளா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை.

கிளம்பும்போது டாக்டர் என்னை நிறுத்தி, தரையிலிருக்கிற கோட்டின்மேல் நேராக நடக்கச் சொன்னாள். நடந்தேன். தரை சரியில்லை. அந்த ஷெட்டுக்குள் போன எல்லோரும் வர வேண்டும், நீ இப்போதே அட்மிட் ஆகு என்றாள். திங்கள்கிழமை முடியட்டும் என்றேன். சனிக்கிழமை மறுபடி கேஸ் விடுகிறார்கள், திங்கள்கிழமை திறக்கிறார்கள், நான் கட்டிலில் படுத்துவிட்டால் அந்த ஷெட்டுக்குள் யார் போவார்கள் என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டிருக்கிறேன்போல. வார்டே திரும்பிப் பார்த்தது.

மார்ச் 16, ஞாயிறு

பூசை முடிந்து வந்த பெண்களை மாதா கோவில் சுவரோரம் நிறுத்திப் பேசினேன். எல்லோரும் வரவில்லை. கண் எரியாவிட்டாலும் கேஸ் இருக்கும், நாளைக்கு மீட்டர் வைத்துக் காட்டும்வரை ஒருத்தியும் உள்ளே போகக்கூடாது என்றேன். தலைவலி யாருக்காவது உண்டா என்று கேட்டேன். பிறகு ஒருத்தி நெற்றியைத் தொட்டாள். இன்னொருத்தி, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, வயசாகிவிட்டது என்று நினைத்தேன் என்றாள். அவளுக்கு முப்பது ஆகவில்லை.

அடுத்துப் பேசியது மரியசெல்வி. எதிர்த்துப் பேசத் தெரியாதவள் என்று நான் எழுதினேன்.

"முன்ன எரிஞ்சுதுன்னா ஓடியாந்துருவியளாம். அதைப் போயி எரியாமப் பண்ணுன்னு எழுதிக் குடுத்தது யாருக்கா?"

அப்படி எழுதவில்லை என்று கத்தினேன். முகமூடி கேட்டுத்தான் எழுதினேன், எரியாமல் செய் என்று எந்த வரியிலும் இல்லை, வேண்டுமானால் ஆபீசில் போய்ப் பார் என்றேன். அவள் கண் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. சொற்கள் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. சாமியார் வெளியே வந்து பார்த்தார். எல்லோரும் கலைந்தார்கள். நாளைக்கு உள்ளே போக மாட்டோம் என்று ஒருத்தியும் சொல்லவில்லை. போவோம் என்றும் சொல்லவில்லை.

அவளை அடிக்கக் கை ஓங்கினேன் என்கிறாள் அம்மா. எனக்கு அப்படி நினைவில்லை.

மார்ச் 17, திங்கள்

ஷெட் வாசலில் பைன் பலகைமேல் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணினால் பலகைதான் காரணம்.

காலையில் முதலில் வந்தது நான். தார்ப்பாயை இழுத்துவிட்டு ஆட்கள் விலகிப் போனார்கள். லூர்து அண்ணாச்சி இன்று வரவில்லை. பெண்கள் வேப்பமரத்தடியில் நின்றார்கள். மேனேஜர் தயாளன் காரைவிட்டு இறங்கினார். அவருக்குப் பின்னால் சோதனை அதிகாரி, காரிலேயே உட்கார்ந்திருந்தார். புதிதாக ஒரு கப்பல், புதிதாக ஒரு தேதி. செத்த புழுக்களைப் பதினோரு மணிக்குள் தாளில் வைத்துக் காட்ட வேண்டுமாம்.

கண் பார்க்கிறது யாரு என்று மேனேஜர் கேட்டார். அந்தச் சொல் அவருக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை நாளும் தெரிந்திருக்கிறது. போலீஸ்காரரிடம் கேஸ் இருந்தால் நின்றிருக்க முடியாது என்றாரே, அப்போதும் தெரிந்திருக்கிறது.

யாரும் அசையவில்லை. அவர் மரியசெல்வியைப் பார்த்து, நீ சின்னப் பொண்ணு, கண்ணு நல்லா இருக்கும், போய்ப் பாரு என்றார். அவள் என்னைப் பார்த்தாள், மற்றவர்களைப் பார்த்தாள், செருப்பைக் கழற்றினாள். உள்ளே போகுமுன் அக்காவும் அப்படித்தான் கழற்றிவைப்பாள்.

நான் ஷெட் வாசலில் இரண்டு தூணுக்கும் நடுவே போய் நின்றேன். ஒரு தூணைப் பிடித்துக்கொண்டேன். நான் உயரமான ஆளில்லை, பிடித்துக்கொண்டால்தான் வழியை மறிக்க முடியும்.

மீட்டரைக் கொண்டுவரச் சொன்னேன். பேட்டரி இல்லை என்றார். வாங்கச் சொன்னேன். அலமாரிச் சாவி முதலாளியிடம் இருக்கிறது, முதலாளி சென்னையில் இருக்கிறார் என்றார். கண்ணாடியை உடைக்கச் சொன்னேன். அவர் சிரித்தார். பேச்சித்தாய்க்குக் கம்பெனி செய்ய வேண்டியதைச் செய்யும், உனக்கும் உடம்பு சரியில்லை, ஒரு மாதம் லீவு எடுத்துக்கொள், சம்பளம் பிடிக்க மாட்டோம் என்றார். எனக்கு உடம்பு சரியில்லை என்று அவருக்கு யார் சொன்னது? ஒரு மாதம் சம்பளத்தோடு லீவு கொடுக்கிற கம்பெனியா இது?

அப்போது மரியசெல்வி செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டாள். வேப்பமரத்தடிக்குப் போய்ப் பெண்களோடு உட்கார்ந்துவிட்டாள்.

மேனேஜருக்கு முகம் மாறியது. "கேஸ் இல்லன்னு நான் சொல்றேன்ல. கண்ணு எரியுதா உனக்கு? சொல்லு, எரியுதா?"

"எரியல சார். நீங்க உள்ள வாங்க. அக்கா உக்காந்த இடத்துல, அந்த இடுக்குல, தரையில உக்காருங்க. நாங்க சாயங்காலம்வரை இங்க காத்துக்கிடக்கோம். நீங்க எந்திரிச்சு நேரா நடந்து வாங்க, அப்பொறம் நாங்க எல்லாரும் போறோம்."

நாக்கு புரளவில்லை. முதல் தடவை சரியாக வந்ததா என்று தெரியவில்லை, அதனால் மறுபடி சொன்னேன், ஒவ்வொரு சொல்லாக. மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் காரிலிருந்த அதிகாரிக்கும் கேட்கும்படி சொன்னேன்.

மேனேஜர் ஷெட்டின் உள்பக்கத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே ஒரு அடி பின்னால் வைத்தார். அது அவருக்கே தெரியாமல் நடந்தது என்று நினைக்கிறேன், ஆனால் எல்லோரும் பார்த்தோம். அதிகாரி கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

இப்போது வெயில் தூணைவிட்டு இறங்கிவிட்டது. மேனேஜர் ஆபீசுக்கும் காருக்குமாக நடக்கிறார், போனில் பேசுகிறார். பெண்கள் எழுந்து போகவில்லை. உள்ளே ஏதோ ஒரு தடியில் கறக் கறக் என்று சத்தம் கேட்கிறது. எழுந்து நின்றால் கால் என்னுடையதாக இல்லை, அதனால் உட்கார்ந்தே மறிக்கிறேன். அவர் என்னைக் கடக்கும்போதெல்லாம் கேட்கிறேன். இப்போதுகூடக் கேட்டேன், இந்த வரிக்கு முன்னால்:

"உள்ள போறியளா சார்?"